மாத்திரை போட்டேன் டாக்டர்

அந்த நான்கு பேரையும் ஒரே அறையில் போட்டதற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் அறைப் பற்றாக்குறை. மூன்றாம் மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும் ஓர் அறை மிச்சம் இருந்தது. எந்தத் துறையிலும் ஒட்டாத நான்கு பேர் மிச்சம் இருந்தார்கள். மிச்சத்தை மிச்சத்தோடு சேர்த்துவிட்டு நிர்வாகம் கையைத் துடைத்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து அதே நிர்வாகம், ‘துறைகளைக் கடந்த கூட்டாய்வு’ என்று ஆண்டறிக்கையில் அவர்களைப் படத்தோடு போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டது.

நால்வரில் மூத்தவர் தர்மம் மேடம். மேலாண்மைப் படிப்பில் வணிக அறம் நடத்துகிறவர். பெயர் மாணவர்கள் வைத்தது. அவருக்கும் தெரியும், ரசிப்பார். கம்பெனிகள் கொடுத்த வாக்கை எந்தக் கட்டத்தில், என்ன சாக்குச் சொல்லி மீறுகின்றன என்பதுதான் அவர் ஆய்வு. அடுத்தவர் பூட்டு. செய்திகளை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் கணிதத்தில் கெட்டிக்காரர். மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன என்று கேட்டால்கூட நேராகப் பதில் வராது. மூன்றாமவர் டாக்டர். பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையில் இதய நோயாளிகளைப் பார்ப்பவர். கை ராசியான கை. வாய்தான் கொஞ்சம் அப்படி. அவர் ரகசியம் பேசினால் வாகன நிறுத்தத்தில் இருக்கும் காவலாளி திரும்பிப் பார்ப்பார்.

நான்காமவர் மனவியல்காரர். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாக மனித மனத்தைப் படிக்கிறார். ஆனாலும் மனைவி எதற்காகக் கோபமாக இருக்கிறாள் என்பது, அவளே வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

நோயாளிகள் மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் ஏன் பொய் சொல்கிறார்கள்? இதுதான் நால்வரும் எடுத்துக்கொண்ட கேள்வி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள், மறந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒரே குரலில் “போட்டேன் டாக்டர்” என்கிறார்கள். உண்மை வேண்டுமென்றால் பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் வேண்டும். பூட்டு அந்த இடத்தைக் கட்டினார். டாக்டரிடம் வரும் இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் தங்கள் போனிலிருந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியதெல்லாம் ஒன்றாகக் கலந்து, குலுக்கி, பேர் ஊர் தெரியாமல் காலையும் மாலையும் அறைக்கு வந்து சேரும். இவர்கள் பதில் எழுதினால் அது எல்லாருக்கும் போகும். ஒருவருக்கு மட்டும் அனுப்ப வழியே கிடையாது. யார் எழுதியது என்று பார்க்கவே மாட்டோம், நல்ல காரணம் இருந்தாலும் பார்க்க மாட்டோம் என்று தர்மம் மேடம் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ‘நல்ல காரணம் இருந்தாலும்’ எதற்கு என்று டாக்டர் அப்போதே கேட்டார். “கெட்ட காரணத்துக்கு வாக்கு மீறினதா எந்தக் கம்பெனியும் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல டாக்டர்” என்று மேடம் சொன்னார்.

புதன்கிழமை காலை அந்த நல்ல காரணம் வந்தது.

மனவியல்காரர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு, காபிக் கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்துத் தன் மடியில் வைத்தார்.

“என்னய்யா ஆச்சு?” என்றார் டாக்டர்.

மனவியல்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

‘ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எனக்கு. வேலை மும்முரத்துல நாலஞ்சு நாள் மறந்து போயிடும். டெஸ்டுல குறைவா காட்டினா டாக்டர் கத்துவார்னு விட்டதை எல்லாம் சேத்து ஒரே நாள்ல போட்டுக்குவேன். ரெண்டு மாசமா இப்படித்தான். இப்ப பல்லு தேய்ச்சா ரத்தம் நிக்கல. காலெல்லாம் நீல நீலமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. இங்க சொன்னா யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க.’

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அவர் சத்தமில்லாமல் இருந்ததை மற்ற மூவரும் அன்றுதான் பார்த்தார்கள்.

“இது இப்படியே போனா ஒரு நாள் தலைக்குள்ள ரத்தம் கசியும்” என்றார். “நாளைக்கே நடக்கலாம், அடுத்த மாசமும் நடக்கலாம். யாருன்னு சொல்லு பூட்டு.”

“எனக்குத் தெரியாது டாக்டர். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் கட்டியிருக்கேன்.” இதைச் சொல்லும்போது பூட்டின் முகத்தில் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். “ஒரு தப்பு பண்ணிட்டேன். சோதனை ஓட்டம் பாக்கிறப்போ ஒரு பதிவேடு திறந்து வெச்சேன். எந்த போன்லேர்ந்து எந்த நிமிஷம் வந்துச்சுன்னு அதுல ஏறும். மூட மறந்துட்டேன். அது இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. அதைத் திறந்தா… அஞ்சு நிமிஷ வேலை.”

நாடே மெச்சும் பூட்டைச் செய்துவிட்டு, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.

“திற!” என்றார் டாக்டர்.

“திறக்காதீங்க” என்றார் மேடம்.

“மேடம், ஒரு உயிரு!”

“தெரியும் டாக்டர். எனக்கும் காது கேக்குது, கீழ் மாடிக்கும் கேக்குது. இன்னைக்கு நாம திறந்து, அந்த ஆளுக்கு போன் போட்டு, ‘நீங்கதானே எழுதினது’ன்னு கேட்டா என்ன நடக்கும்? நீங்க சொல்லுங்க.” கடைசி வரி மனவியல்காரரைப் பார்த்து.

“‘நான் இல்லையே’ன்னு சொல்லுவாங்க” என்றார் மனவியல்காரர். “அப்புறம் சாகிற வரைக்கும் யார்கிட்டயும் நிஜத்தைச் சொல்ல மாட்டாங்க. மத்த இருநூத்துப் பதினோரு பேரும்தான்.”

லிஃப்ட் மோட்டார் ஒரு முறை உறுமி ஓய்ந்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு மதியம் ஒரு மணி” என்றார். “அதுக்குள்ள அந்த ஆள் தானா வரணும். இல்லேன்னா நானே திறப்பேன். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க.”

வாக்குக்காக வாழ்ந்த மேடம் சம்மதமாகத் தலையை ஆட்டியபோது கழுத்தே வலித்தது போல இருந்தது.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அறுபத்து மூன்று பேர். அத்தனை பேரிடமும் பேசிவிடுகிறேன் என்று டாக்டர் போனை எடுத்தார். எதிரில் இருக்கிறவர் ‘ஹலோ’ சொல்லும் முன்பே “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா, இல்லையா?” என்று ஆரம்பித்தார். அறுபத்து மூன்று பேரும் “போட்டேன் டாக்டர்” என்றார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வாங்க என்றதற்கு, அடுத்த வாரம் வருவதாக அறுபது பேர் சொன்னார்கள். போன வருடமே டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டிருப்பதாக ஒருவர் உற்சாகமாகத் தெரிவித்தார். நோயாளிகள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள் என்று இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தவர்கள், ஆபத்து வந்ததும் முதல் வேலையாக டாக்டரை விட்டே கேட்க வைத்திருக்கிறார்கள் என்பது மனவியல்காரருக்கு நாற்பதாவது போன் வாக்கில்தான் உறைத்தது. அவர் அதை வெளியில் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளருக்கும் மானம் உண்டு.

மதியம் நால்வரும் சேர்ந்து எல்லாருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள். ‘மேற்படி ஆய்வில் பங்கேற்போருள் எவரேனும் பரிந்துரைக்கப்பட்ட அளவினின்று விலகிய முறையில் மருந்து உட்கொள்ளும் பட்சத்தில், பாதக விளைவுகள் நேரக்கூடிய சாத்தியக்கூறு கருதி…’ என்று அது போய்க்கொண்டே இருந்தது. நான்கு துறையும் ஆளுக்கொரு வார்த்தை போட்ட வாக்கியம். மாலைக்குள் ஒரே ஒரு பதில் வந்தது: ‘இது வங்கியிலிருந்தா?’

மனவியல்காரர் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையிலேயே தாளை விரித்து வேறு மாதிரி எழுத உட்கார்ந்தார். எட்டுத் தாள் கிழித்தார். ஒன்பதாவது தாளில் இருந்ததைப் படித்துப் பார்த்ததும் அவருக்கே வியர்த்தது. ஆனால் கிழிக்கவில்லை.

மனைவிக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. இருபத்தைந்து வருடமாகப் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள்.

“ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்” என்று தாளை நீட்டினார். “சாதாரண ஆளுக்குப் புரியுமான்னு சொல்லு. எழுத்துப் பிழை மட்டும் பாத்தா போதும்.”

அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். இரண்டாவது வரியில் ஒரு துணைக்கால் சேர்த்தாள். நான்காவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

“இது என்னங்க? ‘எனக்கும் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினாலு மாதமாக நான் அதைப் போடவில்லை’ன்னு இருக்கு. இது உதாரணத்துக்கு எழுதினதா?”

மனவியல்காரர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார்.

“இல்ல.”

“தினமும் காலையில கையில தண்ணியோட நிப்பீங்களே! நான் பாத்துக்கிட்டே இருப்பேனே!”

“தண்ணி குடிப்பேன்.”

“மாத்திரை?”

“என்னோட பழைய கேமரா உறையில இருக்கு. மாசவாரியா கவர்ல போட்டு, தேதி எழுதி…”

“தேதி எழுதியா!” அவள் பேனாவை வைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். “ஏன்?” என்று மட்டும் கேட்டாள், சத்தமே இல்லாமல்.

“மாத்திரை போட ஆரம்பிச்சா நான் நோயாளின்னு ஆயிடும். போடாத வரைக்கும்… கொஞ்சம் டென்ஷனா இருக்கிற ஆள்தான். அப்புறம் அந்த டாக்டர் பக்கத்து மேசைதானே. மாசாமாசம் கேப்பார். ஒரு தடவை ‘போட்டேன்’னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

அவள் தாளை மறுபடி எடுத்து, கடைசி வரை படித்தாள்.

“ஒரு இடத்துல தப்பு இருக்கு” என்றாள். “கடைசியில ‘உங்களைப் புரிந்துகொள்கிறோம்’னு போட்டிருக்கீங்க. அது பொய். உங்களையே உங்களுக்குப் புரியல. அதை எடுத்துட்டு, இப்ப என்கிட்ட சொன்னீங்களே, எப்படி மாத்திச் சொல்றதுன்னு, அதைப் போடுங்க.” தாளை நீட்டிவிட்டு எழுந்தாள். அறை வாசலில் திரும்பி, “நாளைக்கு இந்த வேலை முடியட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு” என்றாள். சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். காரணம், வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்லாமலே தெரிந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அறையில் டாக்டர் அந்தத் தாளைப் படித்தார்.

“பதினாலு மாசமா?” சுவர் அதிர்ந்தது. “என் மாத்திரையையா? என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, என் காபியை வாங்கிக் குடிச்சுக்கிட்டு…”

“பாத்தீங்களா டாக்டர்” என்றார் மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. “இதுக்குத்தான் சொல்லல.”

டாக்டர் திறந்த வாயை மூடினார். ஜன்னலிடம் போய் நின்றார். நேற்றுப் பேசிய அறுபத்து மூன்று ‘போட்டேன் டாக்டர்’களும் வரிசையாக அவர் காதில் திரும்ப ஒலித்திருக்க வேண்டும். திரும்பி வந்து பேனா கேட்டார். தாளின் அடியில் தன் கையெழுத்தில் எழுதினார்: ‘டாக்டர் எழுதுவது: நான் திட்ட மாட்டேன். சத்தியமாக.’

மேடம் அதோடு விடவில்லை. “பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ரத்தம் பாக்க வரச் சொல்லிப் போடுவோம். ஆனா வாக்கு எழுத்துல இருந்தா போதாது. வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும். பேர் வேண்டாம், டோக்கன் நம்பர் போதும். விரல்ல குத்திப் பாக்கிறதை நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் பாத்துக்கட்டும். நாம நாலு பேரும் சுவத்தைப் பாத்து உக்காருவோம்.”

“முழு மூணு மணி நேரமும் சுவத்தையா?” என்றார் பூட்டு.

“பதிவேட்டை மூட மறந்தவர் பேசக் கூடாது.”

எட்டரைக்குக் கடிதம் எல்லாருக்கும் போனது. பத்து மணிக்கு வெளிநோயாளிகள் கூடத்தின் கதவு திறந்தது. கதவுக்கு எதிர்ச் சுவரில் நான்கு நாற்காலிகள், நான்கு முதுகுகள். மனவியல்காரருக்கு முன்னால் இருந்த சுவரில் பழைய போஸ்டர் ஒட்டிக் கிழித்த தடம் ஒன்று இருந்தது. அரை மணியில் அது அவருக்கு மனப்பாடம் ஆயிற்று.

பத்தே முக்கால் வரை ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம். “நான் எல்லாம் ஒழுங்காத்தான் போடறேன்” என்று ஒரு பெரியவர் குரல், யாரும் கேட்காமலே சொன்னது. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.” நர்ஸ் அவருக்கு ஒன்றாம் நம்பர் டோக்கன் கொடுத்தாள். பிறகு இரண்டு பேர். பிறகு நான்கு. பதினொன்றரைக்கு உட்கார பெஞ்சு போதாமல் ஆள் நிற்பது சத்தத்திலேயே தெரிந்தது.

ஒருவரைத் தேடிக் கடிதம் போட்டார்கள். வந்து நின்றது ஒரு கூட்டம். யாரோ ஒருவர், “நான் ஞாயித்துக்கிழமை போட மாட்டேன். மாத்திரைக்கும் லீவு வேணாமா?” என்றார். கூடத்தில் சிரிப்புக் கிளம்பியது. “நான் பாதியா உடைச்சுப் போடுவேன், சீக்கிரம் தீராம இருக்கட்டும்னு.” “என் வீட்டுக்காரர் எனக்குப் பதிலா போட்டுக்கிட்டார், வீணாப் போகுதேன்னு.” ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் முதுகு துடித்தது. அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. இருபத்தைந்து பேருக்குப் பார்த்தாயிற்று. சிலருக்கு அளவு கொஞ்சம் ஏறுமாறு. உயிருக்கு ஆபத்து என்று யாருக்கும் இல்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பூட்டு மடிக்கணினியை மடியில் வைத்து, மூடியின் மேல் இரு கையையும் வைத்திருந்தார். மேடத்தின் கண் மூடியிருந்தது. மனவியல்காரர் சுவரிலிருந்த போஸ்டர் தடத்தையே பார்த்தார். நாம் எழுதியதைப் படிக்க வேண்டிய ஒருவர் மட்டும் படிக்கவில்லையோ? படிக்க முடியாத நிலையில் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ?

பன்னிரண்டு ஐம்பதுக்கு நர்ஸ் திரைக்குப் பின்னாலிருந்து, “டாக்டர்…” என்றாள். குரலை அடக்கிச் சொன்னாள். “இருபத்தாறாம் நம்பர். மீட்டர் அளவே காட்டல. அதோட உச்சத்துக்கு மேல போயிடுச்சு. குத்தின இடத்துல ரத்தமும் நிக்கல.”

டாக்டர் எழுந்தார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, தனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

“இருபத்தாறாம் நம்பர்ல இருக்கிறவங்க… உங்க பேர் எனக்குத் தெரியாது, நான் பாக்கவும் இல்ல. உடனே ஒரு ஊசி போடணும். ரெண்டு நாள் இங்க தங்கினா சரியாயிடும். நிச்சயமா சரியாயிடும். போயிடாதீங்க. முகத்தைக் காட்ட வேண்டாம்னா திரைக்குப் பின்னாலயே போடறேன். கண்ணை மூடிக்கிட்டுகூட…” அவர் நிறுத்தினார். “இல்ல, ஊசியைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியாது.”

கூடத்தில் யாரோ சிரித்து, பிறகு அடங்கினார்கள்.

“அது சரி, ஏன் நாலு பேரும் இப்படிச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்றது ஒரு பெண் குரல். “ஸ்கூல்ல வீட்டுப்பாடம் எழுதாத பசங்களாட்டம்? திரும்புங்க சார். கழுத்து பிடிச்சுக்கப் போகுது.”

நால்வரும் திரும்பினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, இடது கை விரல்களில் மூன்றில் துணி சுற்றியிருந்தது. நான்காவது விரலில் நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

“நான்தான் அது எழுதினது” என்றார். “தையல் கடை வெச்சிருக்கேன். ஊசி குத்துறது எனக்குப் புதுசில்ல. குத்தினா நிக்காம வர்றதுதான் புதுசு. நேத்து போன்ல ஒரு அறிவிப்பு அனுப்பினீங்களே, அதைப் பாத்து வீட்டு வரி பாக்கின்னு நினைச்சு மூடிட்டேன். இன்னைக்கு வந்ததைத்தான் படிச்சேன்.”

“ஒரே நாள்ல எத்தனை மாத்திரைம்மா போட்டீங்க?” என்றார் டாக்டர்.

“அஞ்சு. ஒரு தடவை ஆறு.”

டாக்டரின் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. கூடம் முழுவதும், பெஞ்சில் இருந்தவர்களும் நின்றவர்களும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் மெதுவாகக் காற்றை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டார்.

“சரி” என்றார்.

“மனசுக்குள்ள திட்டறீங்க.”

“மனசுக்குள்ளதாம்மா. அதுக்குச் சத்தியம் பண்ணல.”

சக்கர நாற்காலி வந்தது. நடக்கிறேன் என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்தார். டாக்டரே தள்ளிக்கொண்டு போனார். பின்னால் மேடம் சத்தமில்லாமல் பூட்டின் தோளைத் தட்ட, பூட்டு கணினியைத் திறந்து அந்தப் பதிவேட்டை அங்கேயே அழித்தார். பெஞ்சில் இருந்த பெரியவர், இருபத்தேழாம் நம்பர் யார், வரிசை நகரட்டும் என்று பொறுப்பெடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார். அன்று மாலை வரை நாற்பத்தோரு பேர் வந்தார்கள்.

ஊசி போட்டு அரை மணி கழித்து மனவியல்காரர் மருத்துவமனை மாடியில் அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்த அறைக்குப் போனார். விரலில் ரத்தம் நின்றுவிட்டதா என்று நர்ஸ் பஞ்சை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கசிவு குறைந்திருந்தது. இன்னும் சில மணி நேரத்தில் நன்றாகவே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல்கார அம்மா தலையணையில் சாய்ந்து, ஜன்னல் திரைத் துணியின் தையலை ஒரு தொழில்காரியின் அலட்சியத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அம்மாவின் போன் அடித்தது. மகள்தான். எடுத்தார்.

“சொல்லுடி… கடையிலதான் இருக்கேன். எனக்கென்ன, நல்லாத்தான்…”

நின்றார். வாசலில் நின்ற மனவியல்காரரை ஒரு கணம் பார்த்தார். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இல்லடி. கடையில இல்ல. பயப்படாத, இப்ப நல்லா இருக்கேன், நிஜமாவே. ஆனா ரெண்டு மாசமா உன்கிட்ட ஒண்ணு சொல்லல. வேலையா இருக்கியா? அப்ப உக்காந்துக்கோ. முதல்லேர்ந்து சொல்றேன்.”

மனவியல்காரர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.